தேநீர் நிறத்தில் ஓடும் ஆறு: கலிமந்தானில் கரைந்துபோகும் மண்

இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான் மாகாணத்தின் தலைநகரம் பலங்கராயா. நகரத்தின் தெற்கு ஓரத்தில் கெரெங் பங்கிராய் என்ற படகுத்துறை இருக்கிறது. மரப்பலகை நடைபாதையின் நுனியில் நின்று கீழே பார்த்தால் ஆறு கன்னங்கரேல் என்று தெரியும். அதே தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பால் விடாத தேநீர் போலப் பழுப்பாக, தெளிவாக இருக்கும். சேறு இல்லை, கலங்கல் இல்லை, சாக்கடையும் கலக்கவில்லை. செபங்காவ் என்ற இந்த ஆற்றின் இயல்பான நிறமே அதுதான்.

'கிளோடோக்' என்று அழைக்கப்படும் சிறு மோட்டார் படகுகள் இங்கிருந்து ஆற்றுக்குள் போகின்றன. இரு கரையிலும் தாழை இனத்தைச் சேர்ந்த புதர்கள் சுவர்போல அடர்ந்திருக்கின்றன. அதற்கு அப்பால் உயரமான சதுப்புக் காடு. ஒராங் உட்டான் குரங்குகள் பெருமளவில் வாழும் இடங்களில் இதுவும் ஒன்று. 2004-ல் இந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். காலுக்குக் கீழே இருப்பது மண்ணே இல்லை. அழுகி முடியாத இலை, வேர், கிளை, மரத்துண்டு எல்லாம் சேர்ந்த ஒரு கருப்பு மெத்தை. அதற்குப் பெயர்தான் பீட்.

'கோகோ பீட்', 'பீட் மாஸ்' என்று நாற்றங்காலில் கேட்டுப் பழகிய பெயர்தான். தென்னைநார்க் கழிவில் செய்யும் கோகோ பீட், வெளிநாடுகளில் சதுப்பு நிலங்களை வெட்டி எடுக்கும் அந்த பீட்டுக்கு மாற்றாக வந்தது.

அழுகாத குப்பைமேடு

எருக்குழியில் போட்ட இலைதழை சில மாதங்களில் மக்கிவிடுகிறது. செபங்காவ் காட்டில் விழுந்த இலை மட்டும் ஏன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடக்கிறது?

காரணம் தண்ணீர். அங்கே மண்ணின் மேற்பரப்பு வரை தண்ணீர் நிற்கிறது. தண்ணீருக்கு அடியில் காற்று போகாது. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று இல்லாவிட்டால் வேலை மந்தமாகிவிடும். அதோடு இலை, பட்டைகளில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் தண்ணீரில் ஊறி இறங்குகின்றன. தேயிலையிலும் கடுக்காயிலும் நாக்கில் படும் துவர்ப்பின் உறவுதான் இவை. இந்தப் பொருட்களைச் சிதைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாததால் துவர்ப்பு அப்படியே நிற்கிறது, மற்ற நொதிகளையும் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. ஊறுகாய் ஜாடிபோல எல்லாம் கெடாமல் கிடக்கிறது.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, செபங்காவ் பகுதியில் சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல், அதாவது 33 அடிக்கும் மேல் பீட் நிற்கிறது. அடி அடுக்கின் வயது 20,000 ஆண்டுகளுக்கும் அதிகம். அதன் கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான்.

ஊறுகின்ற பொருளில் கொஞ்சம் தண்ணீரில் கரையத்தான் செய்யும். நுண்ணிய வடிகட்டியில் ஊற்றினாலும் தண்ணீரோடு சேர்ந்தே இறங்கிவிடும் இந்தப் பகுதியைக் கரைந்த அங்ககப் பொருள் என்கிறார்கள் மண்ணியல் அறிஞர்கள். ஹியூமிக் அமிலமும் ஃபல்விக் அமிலமும் இதில் முக்கியமானவை. ஆற்றுக்கு நிறம் கொடுப்பவை இவைதான். ஆற்று நீரின் கார அமில நிலை 4-ஐ ஒட்டி இருக்கிறது. தக்காளிச் சாற்றின் புளிப்புக்குச் சமம்.

ஹியூமிக் ஓடும் ஆறு உரமாகாதா?

இங்கே விவசாயிக்கு ஒரு கேள்வி எழுவது நியாயம். 'ஹியூமிக் அமிலத்தை லிட்டர் கணக்கில் காசு கொடுத்து வாங்கி வயலுக்கு விடுகிறோம். இங்கே ஆறாகவே ஓடுகிறதே, இந்த ஊர் நிலம் பொன் விளையும் பூமியாக அல்லவா இருக்க வேண்டும்?'

இப்படி நினைத்தது விவசாயிகள் மட்டுமல்ல. கருப்பு மண் என்றால் வளமான மண் என்று ஓர் அரசாங்கமே கணக்குப் போட்டது. அதன் விலையைத் தெரிந்துகொள்ள, செபங்காவ் ஆற்றைக் கடந்து கிழக்கே போக வேண்டும்.

பலங்கராயாவிலிருந்து தென்கிழக்கில் பஞ்சார்மாசின் நகரத்துக்குப் போகும் சாலை, ஓரிடத்தில் கிலோமீட்டர் கணக்கில் நீளும் பாலமாக மாறுகிறது. கீழே ஆறு கிடையாது. பீட் நிலத்தில் சாலை போட்டால் அமிழ்ந்துபோகும், மழைக்காலத்தில் மூழ்கும் என்பதால் தூண் நட்டு மேலே தூக்கியிருக்கிறார்கள். அந்தப் பாலத்தின் இருபுறமும் பார்த்தால் காடு இல்லை. கருகிய மரக்கட்டைகள், பெரணிச் செடிகள், நாணல் போன்ற புற்கள். நடுவே அளவெடுத்து வரைந்ததுபோல நேர்க்கோட்டில் வாய்க்கால்கள். அவற்றிலும் அதே கருப்புத் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் வேறு கதையோடு.

25 லட்சம் ஏக்கர் நெல் திட்டம்

இந்தோனேசியா 1984-ல் அரிசியில் தன்னிறைவு அடைந்தது. பத்தாண்டுகளில் அது கைநழுவியது. ஜாவா தீவில் வயல்கள் தொழிற்சாலைகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிக்கொண்டிருந்தன. அதை ஈடுகட்ட, கலிமந்தானின் சதுப்புக் காட்டில் 10 லட்சம் ஹெக்டேரை, ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கரை, நெல் வயலாக்கும் திட்டத்தை அதிபர் சுகார்த்தோ 1995 டிசம்பரில் அறிவித்தார்.

1996-ல் இயந்திரங்கள் இறங்கின. செபங்காவ், கஹாயான், கபுவாஸ், பாரிட்டோ ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டில் 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. முதன்மை வாய்க்கால் மட்டும் 187 கிலோமீட்டர். ஜாவா உள்ளிட்ட இடங்களிலிருந்து ஏறக்குறைய 15,000 குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. ஜாவாவின் எரிமலை மண்ணில் நெல் விளைவித்துப் பழகியவர்கள் பலர்.

வாய்க்கால்கள் பாசனத்துக்கு என்று வெட்டப்பட்டவை. ஆனால் பீட் நிலம் நடுவில் மேடிட்டு, ஆறுகளை நோக்கிச் சரிந்து கிடக்கும் குவிமாடம். அதன் குறுக்கே வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் உள்ளே வரவில்லை, வெளியேதான் போனது. பாசன வாய்க்கால் வடிகாலாகிவிட்டது.

நெல் நட்டார்கள். பயிர் மஞ்சளாக நின்றது. தாக்குப்பிடித்து வளர்ந்த இடங்களிலும் கதிர் வந்தபின் பிடித்துப் பார்த்தால் பதர். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பீட்டில் சத்தே குறைவு. மழையை மட்டும் நம்பி வளர்ந்த காடு அது. களிமண்ணிலிருந்து கிடைக்கும் மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்பு எதுவும் அதில் இல்லை. காடு செழிப்பாக இருந்ததற்குக் காரணம், விழுந்த இலையின் சத்தை மேலோட்டமான வேர்கள் உடனே திரும்ப எடுத்துக்கொண்டதுதான். மரத்தை வெட்டியதும் அந்தச் சுற்று அறுந்தது.

இரண்டாவது, கரைந்த அங்ககப் பொருளே நுண்ணூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. குறிப்பாகத் தாமிரத்தை இறுக்கிக்கொண்டு வேருக்கு விடாது. தாமிரம் போதாத நெல்லில் மகரந்தம் மலடாகும். மணி பிடிக்காது.

மூன்றாவது, பீட்டுக்கு அடியில் பல இடங்களில் பைரைட் என்ற இரும்பு கந்தகக் கனிமம் கலந்த களிமண் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அது சாதுவானது. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். அந்த அமிலம் அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்து வேரைக் கருக்கும். கேரளத்தின் குட்டநாட்டில் 'கரி நிலம்' என்று சொல்லப்படும் கருப்பு வயல்களில் விவசாயிகள் ஆண்டுதோறும் சுண்ணாம்பு இடுவது இதே வகைப் புளிப்பைச் சமாளிக்கத்தான்.

கடையில் வாங்கும் ஹியூமிக் கதை வேறு. அது பழுப்பு நிலக்கரி போன்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, சாம்பல்சத்தோடு சேர்த்துப் புளிப்பு முறிக்கப்பட்ட பொருள். நெய்வேலி பழுப்பு நிலக்கரியும் ஒருகாலத்தில் சதுப்பில் சேர்ந்த பீட்தான். அந்த ஹியூமிக், களியும் சுண்ணாம்பும் உள்ள வயலில் மிகக் குறைந்த அளவில் விழுகிறது. களித்துகள்கள் அதைப் பிடித்துவைக்கின்றன. பீட் நிலத்தில் பிடித்துவைக்கக் களியே இல்லை. அதனால் கரைந்தது கரைந்தபடி ஆற்றுக்குப் போகிறது.

ஜாடியின் மூடி திறந்தபோது

நெல் பொய்த்தது பாதிக் கதைதான். வாய்க்கால் வழியே தண்ணீர் வடிந்ததும் 20,000 ஆண்டு ஊறுகாய் ஜாடியின் மூடி திறந்துகொண்டது. உள்ளே காற்றுப் போனது. துவர்ப்பின் காவல் உடைந்தது. மெத்தை மக்கத் தொடங்கியது.

முதலில் நிலம் அமிழ்ந்தது. சுமத்ரா தீவில் இதேபோல் வடித்த பீட் தோட்டங்களில் அளந்தபோது, முதல் ஐந்து ஆண்டுகளில் நிலம் நாலரை அடிக்கு மேல் இறங்கியிருந்தது. அதன்பிறகு ஆண்டுக்கு இரண்டு அங்குலம் வீதம் இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கிய நிலத்தில் மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி.

பிறகு நெருப்பு. காய்ந்த பீட் விறகுபோல எரியும், தரைக்கு அடியிலும் எரியும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணையாது. 1997-ல் எல் நினோ வறட்சி வந்தபோது இந்தத் திட்டப் பகுதி பற்றி எரிந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியாவின் பீட், காட்டுத் தீயில் வெளியேறிய கார்பன், உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்து வெளியேற்றுவதில் 13 முதல் 40 சதவிகிதத்துக்குச் சமம் என்று கணக்கிடப்பட்டது. 1998-ல் சுகார்த்தோ பதவி இழந்தார். அடுத்த ஆண்டு திட்டம் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. குடியேறியவர்களில் பலர் நிலத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வாய்க்கால்கள் மட்டும் வடித்துக்கொண்டே இருந்தன.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது இழப்பு தண்ணீரில் நடந்தது. காடு கெடாத செபங்காவ் பகுதியிலிருந்து வரும் ஓடைகளையும், காடு அழிந்த திட்டப் பகுதி வாய்க்கால்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2013-ல் அதன் முடிவு வெளியானது. இரண்டு தண்ணீரும் கருப்புதான். ஆனால் கெட்டுப்போன நிலத்திலிருந்து தண்ணீர் வழியே வெளியேறும் கார்பன் ஒன்றரை மடங்கு. அதில் 91 சதவிகிதத்துக்கும் மேல் கரைந்த வடிவில் போகிறது.

அதைவிட முக்கியமானது வயது. கரைந்த பொருளின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் அளந்தார்கள். நல்ல காட்டிலிருந்து வரும் கருப்புத் தண்ணீரில் இருப்பது அண்மையில் விழுந்த இலையின் சாறு. மரம் தந்த வட்டிதான் கரைந்து போகிறது, முதலுக்குச் சேதம் இல்லை. கெட்டுப்போன நிலத்திலிருந்து வரும் தண்ணீரில் இருப்பது பல நூறு, பல ஆயிரம் ஆண்டுப் பழைய பீட். அங்கே முதலே கரைந்து போகிறது.

இவ்வளவு அதிகமாகக் கரைவது ஏன்? மரங்கள் இருந்தபோது மழைநீரில் பெரும்பங்கை உறிஞ்சி ஆவியாக்கின. மரம் போனபின் அந்தத் தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, ஆழத்தில் இருக்கும் பழைய அடுக்கைக் கழுவிக்கொண்டு வாய்க்காலுக்கு வருகிறது. ஆற்று வழி இழப்பையும் கணக்கில் சேர்த்தபோது, கெட்டுப்போன நிலம் இழக்கும் மொத்தக் கார்பன் முன்பு நினைத்ததைவிட 22 சதவிகிதம் கூடியது.

கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது?

கரைந்த பொருள் ஆற்றோடு போய்விட்டதே என்று விட்டுவிட முடியாது. அதில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. சுமத்ராவின் சியாக் என்ற கருப்பாற்றில் இப்படி ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்தது பதிவாகியிருக்கிறது. கருப்பாற்று மீன்கள் புளிப்புத் தண்ணீருக்குப் பழகியவை. மூச்சு இல்லாத தண்ணீருக்குப் பழகியவை அல்ல.

இந்தப் பகுதியின் பூர்விக மக்களான டயாக்குகள் சதுப்பில் 'பெஜே' எனப்படும் குளங்களை வெட்டி வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் வெள்ளத்தோடு மீன் அதில் ஏறும். கோடையில் வெள்ளம் வடியும்போது மீன் குளத்தில் தங்கிவிடும். பெரிய வாய்க்கால்கள் வந்தபின் பல பெஜே குளங்கள் வற்றிப்போயின. நெல் திட்டம் நெல்லைத் தரவில்லை, இருந்த மீனையும் எடுத்துக்கொண்டது.

குடிநீருக்கும் சிக்கல். அங்ககப் பொருள் கரைந்த தண்ணீரில் குளோரின் போட்டால், கிருமியைக் கொல்வதற்கு முன்பே குளோரின் அதில் செலவாகிவிடும். அதோடு உடலுக்குக் கெடுதலான துணைப்பொருட்களும் உண்டாகும். எனவே படிகாரம் போன்றவற்றால் பழுப்பைப் படியவைத்துத் தெளிந்த நீரை எடுத்து, அதன்பிறகே குளோரின் சேர்க்க வேண்டும்.

கைவாய்க்கால் போதும் என்றவர்கள்

இதே கலிமந்தானில் சதுப்பில் நெல் விளைவித்துத் தலைமுறைகளாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். பஞ்சார் இன விவசாயிகள் ஆற்றிலிருந்து உள்நோக்கிக் கையால் சிறு வாய்க்கால் வெட்டுவார்கள். அதற்கு 'ஹண்டில்' என்று பெயர். கடல் ஓதம் ஏறும்போது நல்ல தண்ணீர் வயலுக்கு வரும், இறங்கும்போது புளிப்பைக் கழுவிக்கொண்டு போகும். ஓதம் எட்டாத ஆழ பீட்டுக்குள் அவர்கள் நெல் வைப்பதில்லை. உயரமாக, நீண்ட நாள் நிற்கும் நாட்டு ரகங்களை இரண்டு மூன்று முறை பிடுங்கி நடுவார்கள். வயலுக்குள்ளேயே மண்ணைக் குவித்து மேடாக்கித் தென்னையும் ஆரஞ்சும் வைப்பார்கள். எந்த இடம் வயல், எந்த இடம் காடு என்பதைத் தண்ணீரின் எட்டுகையை வைத்தே முடிவு செய்தார்கள்.

அவர்களுக்கும் இப்போது நெருக்கடி இருக்கிறது. மெலிந்த நிலத்தில் சாம்பல் சேர்க்க, அறுவடைக்குப்பின் எரிப்பது பழைய வழக்கம். ஈரமாக இருந்த காலத்தில் அந்த நெருப்பு அடங்கிவிடும். சுற்றிலும் பீட் காய்ந்து கிடக்கும்போது அடங்குவதில்லை. 2015-ல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தபின் எரிப்பதற்கு எதிரான நடவடிக்கை கடுமையானது. வாய்க்கால் வெட்டியவர்கள் வேறு யாரோ, கட்டுப்பாட்டின் சுமை மட்டும் சிறு விவசாயியின் தலையில்.

மீண்டும் மூடியைப் போடுவது

2016 ஜனவரியில் பீட் நிலங்களை மீட்கத் தனி அரசு அமைப்பு உருவாக்கப்பட்டது. வேலை எளிமையானது: வாய்க்காலை அடைப்பது. மரக்கம்பங்களை இரண்டு வரிசையாக நட்டு, நடுவே மண் மூட்டைகளைப் போட்டுச் சிறு தடுப்பணைகள் கட்டுகிறார்கள். நிலத்தடி நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்கு, அதாவது ஒன்றேகால் அடிக்குக் கீழே போகக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

அடைத்த மறுநாளே தண்ணீர் பழையபடி ஆகிவிடாது. காய்ந்து நொறுங்கிய பீட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கரையும் பொருள், நனையும்போது முதலில் அதிகமாகவே வெளியேறக்கூடும். மரம் வளர்ந்து நிழல் கட்டி, புதிய இலை விழுந்து, வட்டி மட்டும் கரையும் நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். இன்னொரு பக்கம், வாய்க்கால்கள் படகு வழியாகவும் இருப்பதால் அணை கட்ட எல்லா இடத்திலும் ஒப்புதல் கிடைப்பதில்லை.

ஈரத்தை வைத்துக்கொண்டே வருமானம் பார்க்கும் வழிகளும் நடக்கின்றன. பால் வடியும் ஜெலுத்துங் மரம், சவ்வரிசிக்கான சாகோ பனை, மீன் குளம். 'புருன்' என்ற கோரையை அறுத்துப் பெண்கள் பாயும் கூடையும் முடைகிறார்கள். கோரைப் பாய் முடைந்தவர்களுக்கு அந்த வேலை புதிதாகத் தெரியாது.

ஆனால் 2020-ல் இந்தோனேசிய அரசு உணவுப் பாதுகாப்புக்காக என்று சொல்லி, அதே பழைய திட்டப் பகுதியின் ஒரு பாகத்தில் மீண்டும் நெல் சாகுபடியைத் தொடங்கியது. களிமண் உள்ள ஓரங்களில் நெல் விளையும். ஆழ பீட் நிலத்தில் வேதியியல் மாறப்போவதில்லை.

உங்கள் தோட்டத்தில் பழுப்புத் தண்ணீர்

தமிழ்நாட்டிலும் பீட் நிலம் உண்டு. நீலகிரியின் மேல்மட்டப் பள்ளத்தாக்குகளில் சோலைக்கும் புல்வெளிக்கும் இடையே இருக்கும் சதுப்புகளில் 20,000 ஆண்டுகளுக்கும் பழைய பீட் இருப்பது ஆய்வில் தெரியவந்திருக்கிறது. அந்தச் சதுப்புகளில் பல, வடித்துக் காய்கறித் தோட்டங்களாகிவிட்டன. மீதமிருப்பவை கோடையிலும் ஓடைக்கு ஊற்றுக் கொடுப்பவை.

சமவெளி விவசாயிக்கும் இதில் சில செய்திகள் இருக்கின்றன. மழைக்குப்பின் எருக்குழியிலிருந்து வழியும் பழுப்புத் தண்ணீர், கலிமந்தான் வாய்க்காலில் ஓடும் அதே வகைப் பொருள்தான். அதோடு தழைச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்ந்து போகின்றன. குழிக்கு மேலே ஓலைக் கூரை போட்டு, சுற்றிலும் வரப்புக் கட்டினால் அது வயலுக்கே வரும். தென்னைநார்க் கழிவைக் குவித்து வைத்திருக்கும் இடங்களில் மழை இறங்கினால், பக்கத்துக் கிணற்றில் பழுப்பு தெரியும். கழிவைத் திறந்தவெளியில் கழுவவிடாமல், சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைத்தால் துவர்ப்பு முறிந்து உரமாகும். பழுப்பேறிய கிணற்றில் பிளீச்சிங் பவுடரை நேரடியாகக் கொட்டக் கூடாது. முதலில் பழுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்த வேண்டும்.

சதுப்பு நிலத்தை வாங்கவோ வடிக்கவோ யோசிப்பவர்கள், கருப்பு நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் மூன்று அடி தோண்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாக மண் பரிசோதனைக்குக் கொடுத்து, புளிப்பையும் தாமிரச் சத்தையும் தெரிந்துகொண்ட பிறகு மண்வெட்டியை எடுக்கலாம்.